ஐசியூல குழந்தைக்கு ட்ரிப்ப ஏன் குறைக்கிறாங்க? வேலூர் பக்கம் அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

நிலாஅம்மா_குடியாத்தம் | திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். எம் பொண்ணுக்கு ஆறு வயசு, 18 கிலோ. போன மாசம் டெங்கு வந்து வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில குழந்தைங்க ஐசியூல அஞ்சு நாள் இருந்தா. இப்ப நல்லா இருக்கா, ஸ்கூலுக்கும் போறா. ஆனா அந்த அஞ்சு நாள்ல நான் அங்க போட்ட சண்டைய நெனச்சா இன்னும் மனசு ஆறல, எதுக்காக சண்ட போட்டேனோ அத இப்பவாச்சும் முழுசா புரிஞ்சிக்கணும்னுதான் எழுதறேன்.

நடந்தது இதுதான். மூணு நாள் காய்ச்சல், எங்க தெருவுல இருக்குற கிளினிக்ல ரெண்டு நாள் சேர்த்து மூணு பாட்டில் ட்ரிப் போட்டாங்க, 500 மில்லி பாட்டில். நாலாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு, அப்பாடான்னு இருந்தேன், அன்னைக்கு சாயந்தரம்தான் கை காலெல்லாம் ஜில்லுனு ஆயி புள்ள துவண்டுட்டா. பஸ்ஸுக்கு காத்திருக்காம கார் புடிச்சு வேலூர் வந்துட்டோம். பிரஷர் 90க்கு 75ன்னு சொன்னாங்க, பிசிவி (ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு பங்குன்னு பாக்குற டெஸ்ட்) 46. உள்ள எடுத்த உடனே வேகமா ட்ரிப் ஏத்தினாங்க. பக்கத்துல ஒரு மெஷின்ல சிவப்பு நம்பர் எரியும், அதான் மணிக்கு எத்தன மில்லி போகுதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. மொத மணி நேரம் 360, அப்புறம் 126, அப்புறம் 90, நடுராத்திரி 54. மறுநாள் காலைல பாத்தா 27. நம்பர் குறைய குறைய எனக்கு உயிரே போகுது. புள்ள தண்ணி தண்ணின்னு அழுவுறா, நாக்கு காஞ்சு கெடக்கு, இவங்க இருக்கறதையும் குறைக்கிறாங்களேன்னு, காசு கட்ட லேட் ஆனதாலதான் குறைக்கிறீங்களான்னு அந்த டாக்டர் பொண்ண பாத்து கேட்டுட்டேன். அவங்க கோவப்படல. "உங்க பொண்ணு கண்ண பாருங்கம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டு இமையும் ஊதி இருந்துச்சு, சாக்ஸ் கழட்டுன எடத்துல ரப்பர் தடம் பள்ளமா அப்படியே நின்னுச்சு. சேர்க்கும்போது 18 கிலோ இருந்தவ அன்னைக்கு 20.1 கிலோ.

இதுல நான் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கு. வாய் வழியா எதுவும் குடுக்காதீங்கன்னு சொல்லியும் மறைச்சு இளநீ குடுத்தேன், ரெண்டு தடவ, தடவைக்கு ஒரு டம்ளர். இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. தண்ணி வேணும்னு துடிக்கிற புள்ளைக்கு தண்ணி எப்படி ஆபத்தாகும்? யாராச்சும் எனக்கு புரியற மாதிரி சொல்லுங்க.

காட்பாடி சிஸ்டர் | திங்கள், இரவு 11:55

அம்மா, நான் குழந்தைங்க ஐசியூல பதினோரு வருஷமா நர்ஸ். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க மட்டும் இல்ல, எங்க வார்டுல வாரத்துல ஒரு அம்மாவாச்சும் சேலைக்குள்ள வச்சு இளநீயோ டீயோ எடுத்துட்டு வருவாங்க. யாரையும் நான் திட்டுனது கிடையாது. ஆனா இப்பல்லாம் "குடுத்தா எங்கிட்ட சொல்லிடுங்க, எழுதிக்கறேன்"னு சொல்றேன், திட்டுனா மறைப்பாங்க, மறைச்சா எங்க கணக்கு பொய்யாயிடும்.

கணக்குன்னா என்னன்னு சொல்றேன். ஒவ்வொரு படுக்கையிலயும் ஒரு பெரிய சார்ட் தொங்கும் பாருங்க, ஒரு பக்கம் உள்ள போனது, இன்னொரு பக்கம் வெளிய வந்தது, மணிக்கு மணி எழுதணும். யூரின் பைப் போட்டிருந்தா பையில அளவு தெரியும். பைப் இல்லாத சின்ன குழந்தைன்னா நாப்கின எடை போடுவோம். காஞ்ச நாப்கின் 25 கிராம், நனைஞ்சது 110 கிராம்னா 85 மில்லி யூரின், ஒரு கிராம ஒரு மில்லின்னு எடுத்துக்குவோம். வாந்திய அளப்போம், மூக்கு குழாய்ல வர்ற பச்ச தண்ணிய அளப்போம், டெஸ்டுக்கு எடுக்குற ரத்தத்த கூட எழுதுவோம், கைக்குழந்தைக்கு அதுவும் பெருசுதான். வேர்வைலயும் மூச்சுலயும் போறத மட்டும் அளக்க முடியாது, அத டாக்டருங்க உத்தேசமா போட்டுக்குவாங்க, காய்ச்சல் இருந்தா கொஞ்சம் கூட்டி.

வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு தெரியாத விஷயம் ஒண்ணு. ட்ரிப்ப நிறுத்திட்டாலும் தண்ணி உள்ள போயிட்டுதான் இருக்கும். 10 கிலோ குழந்தைன்னு வைங்க, சாதாரணமா ஒரு நாளைக்கு 1000 மில்லி தேவை. ரெண்டு ஆன்டிபயாட்டிக், ஒண்ணு மூணு வேள ஒண்ணு ரெண்டு வேள, ஒவ்வொண்ணும் 20 மில்லில கலந்து போடறோம், 100 ஆச்சா. மருந்து போட்டதும் லைன கழுவ தடவைக்கு 2, முன்னாடியும் பின்னாடியும், அது ஒரு 20. காய்ச்சல் மருந்து 15 மில்லி நாலு வேள, 60. பிரஷர் பாக்குற லைன் அடைக்காம இருக்க மணிக்கு ஒரு மில்லி, 24. தூக்க மருந்து, வலி மருந்து, பிரஷர் மருந்துன்னு மூணு சிரிஞ்ச் பம்ப் மணிக்கு ஒண்ணு ஒண்ணு, 72. கூட்டி பாருங்க, 276 மில்லி. இன்னும் ஒரு பாட்டில் கூட மாட்டல, அதுக்குள்ள கால் பங்குக்கு மேல போயிடுச்சு. இதனால எங்க இன்சார்ஜ் சிஸ்டர் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மொத நாளே மருந்த எவ்வளவு கம்மி தண்ணில பாதுகாப்பா கலக்கலாம்னு கத்துக்குடுப்பாங்க.

தாகத்துக்கு: பஞ்ச நனைச்சு உதட்டுல ஒத்தலாம், வாசலின் தடவலாம், டாக்டர் சரின்னா ஐஸ் துண்டு ஒண்ணு ரெண்டு வாயில வைக்கலாம், அது உருகுனா பாதி அளவு தண்ணின்னு எழுதிக்குவோம். உங்க பொண்ணுக்கு வாய்ல வேண்டாம்னு சொன்னதுக்கு மூச்சும் ஒரு காரணமா இருந்திருக்கும், நிமிஷத்துக்கு அம்பது தடவ மூச்சு வாங்குற குழந்த குடிச்சா புரையேறி நேரா நுரையீரலுக்கு போயிடும்.

ஆம்பூர் அப்பா | செவ்வாய், காலை 6:20

சிஸ்டர், அக்கா, ரெண்டு பேரும் சொல்றது சரி. ஆனா இந்த இழைய படிச்சிட்டு யாராச்சும் வீட்ல குழந்தைக்கு தண்ணிய குறைச்சிட்டா என்ன ஆகும்னு எனக்கு பயமா இருக்கு, அதனால எங்க வீட்டு கதைய சொல்லியே ஆகணும்.

என் பையனுக்கு ஒம்போது மாசம் இருக்கும்போது வாந்தி பேதி. எங்க அம்மா பழைய ஆளு, பால குடுத்தா இன்னும் போகும், தண்ணி குடுத்தா இன்னும் போகும், வயித்த காயப்போடுன்னு சொன்னாங்க. நாங்களும் ஒரு ராத்திரி முழுக்க காயப்போட்டோம். காலைல கண்ணு ரெண்டும் குழி விழுந்து, உச்சிக்குழி உள்ள அமுங்கி, வயித்து தோல புடிச்சு விட்டா மடிப்பு அப்படியே நிக்குது, அழுதா கண்ணீர் வரல. 7 கிலோ குழந்த அன்னைக்கு 6.3. தூக்கிட்டு ஓடினோம். மொத ஒரு மணி நேரத்துல 210 மில்லி, அடுத்த அஞ்சு மணி நேரத்துல 490 மில்லி ஏத்தினாங்க. மதியம் ஒண்ணுக்கு போனான் பாருங்க, நானும் என் பொண்டாட்டியும் அந்த ஈரத் துணிய வச்சிக்கிட்டு அழுதோம்.

இன்னொரு தப்பையும் பக்கத்து பெட்ல பாத்தேன். ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, அத ஒரே டம்ளர்ல கரைச்சு குடுத்திருக்காங்க. உப்பு ஏறி அந்த குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு. பாக்கெட் பின்னாடி எவ்வளவு தண்ணின்னு போட்டிருப்பான், அத படிச்சிட்டு அந்த அளவு தண்ணிலதான் மொத்த பாக்கெட்டையும் கரைக்கணும்.

ஆற்காடு குழந்தை டாக்டர் | செவ்வாய், மதியம் 2:15

ஆம்பூர் தம்பி சொன்னத நான் அப்படியே ஒத்துக்கறேன், இந்த இழைல யார் எத மறந்தாலும் அத மறக்கக்கூடாது. வாந்தி பேதில தண்ணி உடம்ப விட்டே வெளிய போயிடுது, போனத திருப்பி ஊத்தணும், ஒவ்வொரு தடவ பேதி போனதும் ரெண்டு வயசுக்குள்ள 50லேர்ந்து 100 மில்லி ஓஆர்எஸ், தாய்ப்பால் நிறுத்தவே கூடாது, கூட 14 நாள் ஜிங்க். இதுல நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு, காலரா நோயாளிகளுக்கு ஓஆர்எஸ்ல சீக்கிரம் செரிக்காத ஸ்டார்ச் சேர்த்தா பேதி குறையுதுன்னு 2000ல உலகத்துக்கு காட்டினது வேலூர் சி.எம்.சி.ல நடந்த ஆய்வு. ரோட்டா வைரஸ் தடுப்பூசி இந்தியாலயே தயாரானப்ப டெல்லி, புனேவோட நம்ம வேலூர் குழந்தைங்கதான் அந்த சோதனைல பங்கெடுத்தாங்க. தடுப்பூசி வந்தப்புறம் என் கிளினிக்ல கண்ணு குழி விழுந்து வர்ற கைக்குழந்தைங்க கண் முன்னாடி குறைஞ்சிருக்காங்க.

இப்ப நிலா அம்மா கேள்விக்கு வர்றேன். டெங்குல தண்ணி உடம்ப விட்டு போறதில்ல. ரத்தக்குழாய் சுவர் கசிய ஆரம்பிச்சு ரத்தத்துல இருக்குற நீர் பகுதி வெளிய, நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் தோலுக்கு அடியிலயும் போய் நிக்கும். நம்ம பாலாற நெனச்சிக்கோங்க. ஆத்துல பாத்தா வெறும் மணலு, தோண்டுனா ஊத்து, ரெண்டு கரைலயும் கெணத்துல தண்ணி. தண்ணி இல்லாம இல்ல, ஓட வேண்டிய எடத்துல இல்ல. உங்க பொண்ணு உடம்பும் அப்படித்தான், ஓடுற ரத்தத்துல பத்தல, அதனாலதான் தாகம், அதனாலதான் கை ஜில்லிப்பு, ஆனா இமைலயும் கால்லயும் தேங்கிடுச்சு. பிசிவி 36 இருக்க வேண்டியது 46 ஆனதும் இதனாலதான், நீர் கசிஞ்சு போனா மிச்ச ரத்தம் கெட்டியாகும்.

இந்தக் கசிவு பொதுவா காய்ச்சல் விடுற நேரத்துல ஆரம்பிச்சு 24லேர்ந்து 48 மணி நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துல ரத்த ஓட்டம் நிக்காம இருக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் ஊத்தி தாக்குப்பிடிக்கணும், அதான் 360. அப்புறம் கிலோவுக்கு மணிக்கு 7 மில்லி, அதான் 126, அப்புறம் 5, அப்புறம் 3. நீங்க பாத்த சிவப்பு நம்பர் ஒவ்வொண்ணும் 18ஆல பெருக்குனது. ஒவ்வொரு தடவ குறைக்கறதுக்கு முன்னாடியும் நாடி, கை சூடு, நகத்த அமுக்கி விட்டா ரத்தம் எத்தன செகண்ட்ல திரும்புது, யூரின், பிசிவி எல்லாம் பாத்திருப்பாங்க. கசிவு நின்னதும் வெளிய போன அவ்வளவு தண்ணியும் தானா ரத்தத்துக்கு திரும்பி வரும். அந்த நேரத்துலயும் பழைய வேகத்துல ட்ரிப் ஓடுனா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வெள்ளம், நுரையீரல் நனைஞ்சிடும். டெங்குல ஷாக்க, அதாவது ரத்த ஓட்டம் ரொம்ப குறைஞ்சு போற நிலைய, தாண்டி பொழைச்ச குழந்த மூணாவது நாள் மூச்சு தெணறி வென்டிலேட்டருக்கு போறத நான் பாத்திருக்கேன், அத மாதிரி மனசு ஒடியற விஷயம் வேற இல்ல.

அந்த டாக்டர் பொண்ணு 27க்கு குறைச்சாங்களே, அந்த வேளைல அதுதான் வைத்தியம். ஏத்த ஆரம்பிக்க தைரியம் வேண்டியதில்ல, நேரத்துக்கு குறைக்கத்தான் வேணும், அதுவும் அம்மா எதிர்ல நின்னு அழும்போது.

சத்துவாச்சாரி ஹவுஸ்சர்ஜன் | செவ்வாய், இரவு 9:05

சார் ஒரு டவுட். எங்களுக்கு கிளாஸ்ல செப்டிக் ஷாக்னா (கிருமி தொத்து முத்தி வர்ற ஷாக்) மொத மணி நேரத்துல கிலோவுக்கு 20, 20, 20ன்னு 60 மில்லி வரைக்கும் போகலாம்னு பழைய புக்ல படிச்சோம். ஆனா ஆப்பிரிக்கால நடந்த ஃபீஸ்ட் ட்ரையல்ல போலஸ் (ஒரே மூச்சுல வேகமா ஏத்தற ட்ரிப்) குடுத்த குழந்தைங்கதான் அதிகமா இறந்தாங்கன்னு சீனியர் சொல்றாரு. அப்ப நைட் ட்யூட்டில தனியா இருக்கும்போது நான் எத நம்பி ட்ரிப்ப தொறக்கறது? உண்மையாவே கை நடுங்குது சார்.

ஆற்காடு குழந்தை டாக்டர் | செவ்வாய், இரவு 10:30

நடுங்கட்டும்பா, நடுங்குற கைதான் திரும்பி திரும்பி குழந்தைய தொட்டு பாக்கும்.

ஃபீஸ்ட் 2011ல வந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியால 3141 குழந்தைங்க, காய்ச்சலோட ரத்த ஓட்டம் குறைஞ்சு வந்தவங்க. போலஸ் வாங்கினவங்கள்ல 48 மணி நேரத்துக்குள்ள இறந்தது நூத்துக்கு பத்தரை கிட்ட, போலஸ் இல்லாம சாதாரண அளவுல மட்டும் ஏத்தினவங்கள்ல 7.3. நாங்கல்லாம் படிச்ச பாடத்தையே கவுத்து போட்டுச்சு. ஆனா அங்க வென்டிலேட்டர் வசதி கிடையாது, நிறைய பேருக்கு மலேரியா, ரத்தசோகை, பேதில வந்த குழந்தைங்கள அதுல சேர்க்கவே இல்ல. அதனால "போலஸே கூடாது"ன்னும் எடுக்கக்கூடாது, "அது ஆப்பிரிக்கா, நமக்கில்ல"ன்னும் தள்ளக்கூடாது. 2020ல வந்த குழந்தைங்க செப்சிஸ் (முத்துன கிருமி தொத்து) வழிகாட்டுதல் இத வச்சுதான் எடத்த பாத்து பிரிச்சுது. ஐசியூ வசதி இருக்குற எடத்துல தடவைக்கு கிலோவுக்கு 10லேர்ந்து 20, தேவைப்பட்டா மொத மணி நேரத்துல 40லேர்ந்து 60 வரைக்கும், ஆனா தண்ணி கூடுற அறிகுறி தெரிஞ்சா அங்கயே நிறுத்தணும். ஐசியூ இல்லாத எடத்துல பிரஷர் இறங்கலன்னா போலஸே வேண்டாம், இறங்கியிருந்தா 40க்குள்ள. இது செப்சிஸுக்கு, பேதிக்கு இல்ல. டெல்லி எய்ம்ஸ்ல செப்டிக் ஷாக் குழந்தைங்கள வச்சே பாத்தாங்க, ஒரே போலஸ அஞ்சு பத்து நிமிஷத்துல தள்ளறதவிட 15லேர்ந்து 20 நிமிஷத்துல குடுத்தா வென்டிலேட்டருக்கு போறது குறைஞ்சுது.

நீ ராத்திரில செய்ய வேண்டியது, போலஸுக்கு முன்னாடி கல்லீரல் விளிம்ப விரலால தேடி பேனாவால ஒரு கோடு போடு. போலஸ் முடிஞ்சதும் திரும்ப தேடு. கோட்ட தாண்டி ஒரு விரல் கீழ இறங்கியிருந்தா, இல்ல நெஞ்சு அடியில கரகரன்னு கேட்டா, அடுத்த பாட்டில தொறக்காத, இதயத்துக்கு மருந்து ஆரம்பிக்கற நேரம்னு சீனியர எழுப்பு. எவ்வளவு தூக்கத்துல இருந்தாலும் எழுப்பு.

இன்னொண்ணு, அளவு மட்டும் இல்ல, எந்த தண்ணிங்கறதும் முக்கியம். 1957ல போட்ட கணக்க வச்சுதான் இன்னும் தெனசரி அளவு போடறோம், மொத 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100, அடுத்த பத்துக்கு 50, அதுக்கு மேல 20. ஆனா சீக்கா படுத்திருக்குற குழந்தைக்கு மூளை யூரின அடக்கி வைக்க சொல்லி ஹார்மோன் சுரக்கும், அதனால தேவை அவ்வளவு இருக்காது. அதுக்கு மேல சோடியம் லிட்டருக்கு 25 மட்டும் இருக்குற பழைய குழந்தை ட்ரிப்ப போட்டா, ரத்தத்துல 135க்கு மேல இருக்க வேண்டிய சோடியம் கரைஞ்சு இறங்கி மூளை வீங்கி ஃபிட்ஸ் வரும். 28 நாளுக்கு மேல ஆன குழந்தைக்கு உப்பு அளவு ரத்தத்தோட ஒத்துப்போற ட்ரிப்தான்னு 2018லயே அமெரிக்க குழந்தை மருத்துவ சங்கம் சொல்லிடுச்சு, நம்ம ஊர் சின்ன ஆஸ்பத்திரிங்கள்லயும் இது இன்னும் வேகமா மாறணும்.

ஒடுகத்தூர் மாமா | புதன், காலை 5:10

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம், ராத்திரி பூரா இந்த இழையதான் படிச்சிகினு இருந்தேன். எங்க அக்கா பையன் நாலு வயசு, நேத்து சாயந்தரம் வேலூர்ல ஐசியூல சேர்த்திருக்கோம், நான் வெளிய வராண்டால உக்காந்துகினு இருக்கேன். எட்டு நாளா காய்ச்சல். அக்குள்ள சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு புண்ணு, நாங்க கவனிக்கவே இல்ல, இங்க வந்து டாக்டர் சட்டைய கழட்டி பாத்ததும் ஸ்க்ரப் டைஃபஸ்னு சொல்லிட்டாங்க, புதர்ல இருக்குற சின்ன பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சலாம், எங்க கொல்லை புதர் பக்கமாதான் இவன் எப்பவும் விளையாடுவான். மூச்சு நிமிஷத்துக்கு 62. மூக்குல குழாய் வச்சு வேகமா காத்து குடுக்கறாங்க. ட்ரிப் போடவே இல்ல, மருந்து மட்டும்தான் போகுது. எங்க ஆயா வாசல்ல உக்காந்து புள்ளைக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் கூட ஏத்த மாட்றாங்களேன்னு ஒப்பாரி வைக்குது. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. இந்த கணக்கெல்லாம் இவனுக்கும் பொருந்துமா?

காட்பாடி சிஸ்டர் | புதன், காலை 5:25

தம்பி பயப்படாதீங்க, புண்ண கண்டுபுடிச்சிட்டாங்கல்ல, அதுக்கு மருந்து போயிட்டு இருக்கு. ஸ்க்ரப்லயும் டெங்கு மாதிரியே ரத்தக்குழாய் கசியும், நுரையீரல் சீக்கிரம் நனையும். ஒண்ணு மட்டும் உடனே சொல்லுங்க, இங்க வர்றதுக்கு முன்னாடி வெளில எங்கயாச்சும் ட்ரிப் போட்டீங்களா? எத்தன பாட்டில்?

ஒடுகத்தூர் மாமா | புதன், காலை 5:31

போட்டாங்க சிஸ்டர், ஊர்ல ஒரு எடத்துல, மூணு நாளு. எத்தனன்னு அக்காவுக்கு ஞாபகம் இல்ல, சீட்டும் இல்ல. கேஸ் ஷீட்ல எழுதறப்போ "கொஞ்சம் போட்டாங்க"ன்னு சொல்லிட்டோம்.

காட்பாடி சிஸ்டர் | புதன், காலை 5:40

அந்த "கொஞ்சம்" எத்தன பாட்டில்னு தெரியணும். அந்த ட்ரிப் எங்க சார்ட்ல வராது. நீங்க உள்ள வந்த நிமிஷத்துலேர்ந்துதான் எங்க கணக்கு பூஜ்யத்துல ஆரம்பிக்குது. முன்னாடி ரெண்டு லிட்டர் உள்ள இருந்தாலும் எங்க பேப்பர்ல பூஜ்யம்தான். காலி பாட்டில் வீட்ல கெடக்குதான்னு யாரையாச்சும் பாக்க சொல்லுங்க.

நிலாஅம்மா_குடியாத்தம் | புதன், காலை 6:02

தம்பி, நானும் அந்த மூணு பாட்டில சொல்லவே இல்ல. கேட்டாங்க, "ஆமா ட்ரிப் போட்டோம்"னு மட்டும் சொன்னேன், 1500 மில்லின்னு சொல்லணும்னு தோணவே இல்ல. சிஸ்டர் சொல்றத படிக்கும்போது இப்பதான் அடிவயிறு கலங்குது, 18 கிலோன்னு நான் நெனச்சதே அந்த ட்ரிப்போட சேர்ந்த எடையோ என்னவோ. தயவு செஞ்சு போய் பாருங்க.

ஆற்காடு குழந்தை டாக்டர் | புதன், காலை 7:10

நிலா அம்மா தொட்ட எடம்தான் இதுல ரொம்ப முக்கியமான எடம். நாங்க தண்ணி எவ்வளவு கூடியிருக்குன்னு பாக்குற கணக்கு சின்னது. உள்ள போனது கழித்தல் வெளிய வந்தது, லிட்டர்ல, அத சேர்க்கும்போது இருந்த எடையால வகுத்து நூறால பெருக்கணும். பத்து சதவீதத்த தாண்டுனா நுரையீரலும் கிட்னியும் கஷ்டப்படும், வென்டிலேட்டர் நாள் கூடும், இருவத தாண்டி டயாலிசிஸ் வரைக்கும் போற குழந்தைங்கள்ல இறப்பு அதிகம்னு பல எடத்துல பாத்திருக்காங்க. ஆனா அந்த சேர்க்கும்போது இருந்த எடையே வீங்குன எடையா இருந்தா? அப்ப கணக்கு சுத்தமா வரும், குழந்த மூழ்கிட்டு இருக்கும்.

தம்பி, உங்க பையன் அங்கன்வாடி போறானா? அங்க மாசா மாசம் எடை எழுதுவாங்க. அந்த எடை வேணும்.

ஒடுகத்தூர் மாமா | புதன், மதியம் 1:45

வண்டி எடுத்துகினு ஊருக்கு போயிட்டு வந்துட்டேன். கட்டிலுக்கு அடியில சாக்கு பைல நாலு காலி பாட்டில் கெடந்துச்சு, எல்லாம் 500. ஆயா அத எண்ணெய் ஊத்தி வைக்கலாம்னு எடுத்து வச்சிருந்துச்சு. அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கே போயிட்டேன், நோட்ட தொறந்து காட்டினாங்க, போன மாச கடைசில 14 கிலோ, அதுக்கு முன் மாசம் 13.8. ஆஸ்பத்திரில நேத்து போட்ட எடை 15.6.

ரெண்டையும் போட்டோ எடுத்துகினு வந்து டாக்டர்கிட்ட காட்டினேன். அவங்க ஏற்கனவே சந்தேகப்பட்டு கல்லீரல் நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்குன்னு ஸ்கேன் பாத்து இதயம் நல்லா அடிக்குதுன்னு பாத்து வச்சிருந்தாங்க, எடைய பாத்ததும் கால்குலேட்டர எடுத்து தட்டினாங்க, 11.4ன்னு வந்துச்சு. சேர்த்தப்பவே பதினொரு சதவீதம் கூட இருந்திருக்கான்னு சொன்னாங்க. மருந்த எல்லாம் கம்மி தண்ணில கலக்க சொல்லிட்டு லாசிக்ஸ், யூரின் நிறைய போக வைக்கிற மருந்து, போடறோம்னாங்க. லாசிக்ஸ் போட்டா கிட்னி போயிடும்னு எங்க பக்கத்து பெட்டுகாரர் சொல்றாரு, நெஜமாண்ணா?

ஆற்காடு குழந்தை டாக்டர் | புதன், மதியம் 2:20

நல்ல வேலை செஞ்சீங்க தம்பி. அந்த மருந்து கிட்னிய கெடுக்காது, ஆனா நேரம் பாத்து போடணும். ஓடுற ரத்தம் பத்தாம இருக்கும்போது, கை ஜில்லுன்னு பிரஷர் இல்லாம இருக்கும்போது போட்டா கெடுதல். கை சூடா, பிரஷர் நிலையா இருந்து தண்ணி தேங்கியிருந்தா அதுதான் சரி. பொட்டாசியம், சோடியம் பாத்துக்குவாங்க. யூரினே வரலன்னா வயித்துல குழாய் வச்சு டயாலிசிஸ் பண்ணி எடுக்கற வழியும் இருக்கு, அதுக்கும் பயப்பட வேண்டாம். ஆயாவுக்கு எப்படி சொன்னீங்க?

ஒடுகத்தூர் மாமா | புதன், மதியம் 2:41

நாலு பாட்டிலையும் வரிசையா ஆயா முன்னாடி வச்சேன். இவ்ளோ தண்ணியும் இன்னும் புள்ள உள்ளதான் கீது ஆயா, அத வெளிய எடுக்கதான் பாக்கறாங்கன்னு சொன்னேன். ஒரு பாட்டில கைல எடுத்து தூக்கி பாத்துச்சு. அப்புறம் ஒப்பாரி வைக்கல.

ஆம்பூர் அப்பா | புதன், இரவு 8:30

தம்பி, ராத்திரிக்கு சாப்பாடு ஏதாச்சும் வேணுமா, நான் நாளைக்கு காலைல லெதர் கம்பெனி லோடோட வேலூர் வர்றேன். என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

ஒடுகத்தூர் மாமா | வியாழன், காலை 7:15

ராத்திரி ஒரு மணிக்குள்ள 430 மில்லி யூரின். சிஸ்டர் வெளிய வந்து சொன்னாங்க. மூச்சு 62 இருந்தது 44. காலைல எடை 15. காய்ச்சல் இன்னும் விட்டு விட்டு வருது, மருந்து வேல செய்ய ரெண்டு நாள் ஆகலாம்னாங்க. சாப்பாடு கீதுண்ணா, நீங்க கேட்டதே போதும்.

சத்துவாச்சாரி ஹவுஸ்சர்ஜன் | வியாழன், இரவு 11:50

இன்னைக்கு என் வார்டுல புதுசா சேர்ந்த மூணு குழந்தைங்க வீட்லயும் வெளில போட்ட ட்ரிப்பயும் அங்கன்வாடி எடையயும் கேட்டேன். ஒரு அம்மா பர்ஸ்லேர்ந்து தடுப்பூசி கார்ட எடுத்து குடுத்தாங்க, பின்னாடி பக்கம் மாசா மாசம் எடை. சார், கேஸ் ஷீட்ல மொத பக்கத்துலயே இதுக்கு ஒரு வரி இருக்கணும், யூனிட் சீஃப்கிட்ட கேக்கப்போறேன்.

காட்பாடி சிஸ்டர் | வெள்ளி, காலை 6:05

கேளுங்க டாக்டர். எங்க சார்ட்லயும் மேல ஓரத்துல "வெளியில் ஏற்றியது"ன்னு பேனாலயே ஒரு கட்டம் போட்டுட்டேன் நேத்து நைட் ட்யூட்டில, பிரிண்ட் ஆகி வர்ற வரைக்கும் கைலயே போட்டுக்கறோம்.

ஒடுகத்தூர் மாமா | சனி, மாலை 5:30

எடை 14.3. மூக்கு குழாய எடுத்துட்டாங்க, காய்ச்சல் நேத்து ராத்திரிலேர்ந்து இல்ல. முகம் பழைய முகமா ஆயிடுச்சு, ரெண்டு நாளா கண்ணே தெரியாம ஊதி இருந்தவன் இன்னைக்கு கண்ண தொறந்து ஆயாவ பாத்து கூழு வேணும்னு கேட்டான். கூழு இல்ல, கஞ்சி தரலாம்னாங்க. ஆயா டம்ளர அப்படியே குடுக்க போச்சு, அப்புறம் அதுவே நிறுத்திட்டு, எவ்ளோன்னு பாத்து எழுதிக்கமான்னு சிஸ்டர்கிட்ட நீட்டுச்சு. 60 மில்லி.